50 பவுண்டு காம்பவுண்ட் வில்லில் எய்தும் என் அம்பு ஏன் ஆழமாகத் தைக்கவில்லை?

காம்பவுண்ட் வில்லில், அதாவது இரு முனையிலும் சக்கரம் வைத்த வில்லில், நீங்கள் 50 பவுண்டு இழுவிசையில் எய்கிறீர்கள், உங்கள் நண்பர் 45 பவுண்டில். இருவரும் 30 மீட்டரில், ஃபோம் டார்கெட்டில். அவருடைய அம்பு ஒரு சாண் உள்ளே போகிறது, உங்களுடையது நான்கு விரல் ஆழத்தில் நின்றுவிடுகிறது. பவுண்டை 60க்கு ஏற்றினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஏற்ற வேண்டாம். இப்போதைக்கு, பவுண்டை ஏற்றி இறக்கும் ஆலன் கீயைக் கையில் எடுக்கவே வேண்டாம். இதே கேள்வியோடு நான் ஏழு மாதம் அலைந்திருக்கிறேன். அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நான் பெங்களூரில் அல்சூரில் பிறந்து வளர்ந்தவன். அப்பாவுக்கு நாமக்கல் பக்கம். வல்வில் ஓரி எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாகத் துளைத்துப் போன கதையை அப்பா சொல்லித்தான் தூங்கியிருக்கிறேன். வில் என்றால் வலிமை, வலிமை என்றால் ஆழம் என்று மனதில் பதிந்துவிட்டது. 38 வயதில் காம்பவுண்ட் வில் வாங்கியபோதும் அந்த நினைப்போடுதான் வாங்கினேன்.

வாங்கிய கடையில் டிரா லென்த்தை, அதாவது நாணை இழுக்கும் நீளத்தை, 29 இன்ச் வைத்துக் கொடுத்தார்கள். அம்பு கேட்டபோது கையிருப்பில் இருந்த 600 ஸ்பைன் (தண்டின் விறைப்பைக் குறிக்கும் எண்) அம்புகளை வெட்டாமல் அப்படியே தந்தார்கள். வில் 52 பவுண்டு. முதல் நாளிலிருந்தே அம்பு டார்கெட்டில் சாய்ந்துதான் நின்றது, வால் ஒரு பக்கமாக. ஆழமும் இல்லை. நான் லிம்ப் போல்ட்டை, அதாவது வில்லின் வளையும் கைகளை இறுக்கும் போல்ட்டை, அரைச் சுற்று, அரைச் சுற்றாக முறுக்கி 58 பவுண்டு வரை ஏற்றினேன். ஆழம் கூடவில்லை. சாய்வுதான் கூடியது. தோள்பட்டை வலி வந்து மூன்று வாரம் வில்லைத் தொட முடியவில்லை.

கடைசியில் எங்கள் கோச் பக்கத்தில் நின்று ஆறு அம்பு பார்த்துவிட்டுக் கன்னடத்தில் ஒரே வரி சொன்னார்: "பாண அட்ட ஹோக்தா இதெ." அம்பு குறுக்காகப் போகிறது. நான் தேடிக்கொண்டிருந்த பதில் மொத்தமும் அதில் இருந்தது.

ஒரு ஆணியைச் சுவரில் அடிப்பதை நினைத்துப் பாருங்கள். நேராக அடித்தால் சுத்தியலின் அடி முழுவதும் ஆணியின் முனைக்குப் போகிறது. கொஞ்சம் சாய்ந்தாலும் ஆணி வளைகிறது, துளை அகலமாகிறது, உள்ளே போவதில்லை. அம்பும் அப்படித்தான். முனை டார்கெட்டைத் தொடும் நேரத்தில் தண்டு அதே கோட்டில் பின்னால் இருந்தால்தான் முழு எடையும் முனையைத் தள்ளும். வால் ஒதுங்கியிருந்தால் தண்டு வளைந்து துளையின் பக்கச்சுவரில் உரசுகிறது. உள்ளே போக வேண்டிய சக்தி பக்கவாட்டில் கிழிக்கவும் தண்டை உதறவும் செலவாகிவிடுகிறது.

இதை நீங்களே சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. 30 மீட்டரில் எய்வதோடு 8 அல்லது 10 மீட்டரிலும் அதே டார்கெட்டில் எய்து ஆழத்தை அளந்து பாருங்கள். கிட்டத்தில் வேகம் அதிகம், ஆகவே ஆழமும் அதிகமாக இருக்க வேண்டும். கிட்டத்தில் ஆழம் குறைவாகவும் தூரத்தில் அதிகமாகவும் இருந்தால், அம்பு வில்லை விட்டுக் கிளம்பும்போதே ஆடிக்கொண்டு கிளம்புகிறது, போகப் போக இறகுகள் அதை நிமிர்த்துகின்றன என்று அர்த்தம். என் அம்பு அப்படித்தான் இருந்தது. 10 மீட்டரில் மூன்று விரல், 30 மீட்டரில் ஐந்து விரல்.

சரி, எதனால் ஆடுகிறது? என் விஷயத்தில் முதல் குற்றவாளி ஸ்பைன். அம்புத் தண்டு எவ்வளவு விறைப்பு என்பதற்கான எண் அது. தண்டை 28 இன்ச் இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் வைத்து, நடுவில் ஏறக்குறைய 880 கிராம் எடையைத் தொங்கவிடுவார்கள். அது எத்தனை இன்ச் தொய்கிறதோ, அதை ஆயிரத்தால் பெருக்கினால் ஸ்பைன் எண் வரும். 0.4 இன்ச் தொய்ந்தால் 400, 0.6 இன்ச் தொய்ந்தால் 600. ஆகவே எண் சிறிதாகச் சிறிதாக அம்பு விறைப்பு. பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

நாண் அம்பின் வாலைத் தள்ளும் கணத்தில் தண்டு வளைகிறது. எந்த அம்பும் வளையும், அது இயல்பு. ஆனால் அளவுக்கு மேல் வளைந்தால் வில்லைவிட்டு நீங்கும்போது நேராக நீங்காது. அம்பு நீளமாக இருந்தால் இன்னும் வளையும். முனையில் கனம் கூடினால் இன்னும் வளையும். பவுண்டை ஏற்றினாலும் வளையும். நான் 52லிருந்து 58க்கு ஏற்றியபோது செய்தது அதுதான். ஏற்கெனவே தொளதொள என்றிருந்த அம்பை இன்னும் பலமாகத் தள்ளினேன். ஒவ்வொரு அரைச் சுற்றிலும் நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தது.

பீன்யாவில் ஒரு டூல் ரூமில் குவாலிட்டி பார்ப்பது என் வேலை. அதனால் ஒரு சனிக்கிழமை மாலை ஷிப்ட் முடிந்ததும் என் பன்னிரண்டு அம்புகளையும் கொண்டுபோய், நுண்ணிய அளவுகளைக் காட்டும் டயல் கேஜில் வைத்தேன். 600 என்று அச்சிட்ட தண்டுகள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் வேறுபட்டன. அது எதிர்பார்த்ததுதான். நான் எதிர்பார்க்காதது வேறு. V வடிவப் பள்ளமுள்ள வி-பிளாக்கில் வைத்து உருட்டியபோது தண்டுகள் நேராகத்தான் சுற்றின. ஆனால் நான்கு அம்புகளில் முனை மட்டும் தள்ளாடியது. தண்டின் வாய் செங்குத்தாக வெட்டப்படாததால் பாயிண்ட் ஒரு பக்கம் தூக்கி உட்கார்ந்திருந்தது. இதற்கு டயல் கேஜ் கூட வேண்டாம். அம்பின் முனையை உள்ளங்கையிலோ கண்ணாடி மேலோ ஊன்றிச் சுழற்றுங்கள். துடிப்பு தெரிந்தால் அந்த அம்பைத் தனியாக வையுங்கள். கார்பன் தண்டைக் கையால் லேசாக வளைத்து, விரிசல் சத்தம் வருகிறதா என்றும் ஒவ்வொரு முறையும் பாருங்கள். விரிசல் விட்ட கார்பன் அம்பு எய்யும் நேரத்தில் உடைந்தால் அதன் சிராய் கையில் ஏறும். இதில் மட்டும் அலட்சியம் கூடாது.

அப்புறம் டிரா லென்த். இரண்டு கைகளையும் விரித்து விரல் நுனி முதல் விரல் நுனி வரை அளந்து 2.5ஆல் வகுத்தால் ஓரளவுக்குச் சரியான அளவு கிடைக்கும். எனக்கு 68 இன்ச், அதாவது 27க்குக் கொஞ்சம் மேல். கடையில் வைத்திருந்தது 29. டிரா லென்த் கூடினால் நாண் அம்பை அதிக தூரம் தள்ளுவதால் வேகம் கூடும் என்பது உண்மைதான். ஒரு இன்ச்சுக்கு நொடிக்கு 10 அடி அளவில் கூடும். ஆனால் உடம்புக்குப் பெரிய அளவை வைத்து இழுத்தால் முதுகு சாயும், வில் பிடித்த கை முறுக்கும், நாண் முன்கையில் உரசும். அந்த முறுக்கு அப்படியே அம்புக்குப் போகும். 27.5க்குக் குறைத்தபோது வேகம் குறைந்தது, ஆழம் கூடியது. எனக்கே நம்ப முடியவில்லை.

வில்லில் பார்க்க வேண்டிய மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு கேம் (வில்லின் முனையில் உள்ள சக்கரம்) கொண்ட வில் என்றால் இரண்டும் ஒரே நேரத்தில் "சுவரை", அதாவது அதற்கு மேல் இழுக்க முடியாத நிலையை, தொட வேண்டும். ஒருவர் இழுக்க இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்த்தாலே தெரியும். ஒன்று முந்தினால் அம்பின் வால் மேலேயோ கீழேயோ உதைபடும். நாக் (நாணில் மாட்டும் அம்பின் வால் பள்ளம்) உயரம், ரெஸ்ட்டின் (வில்லில் அம்பைத் தாங்கும் பகுதி) இடவல நிலை, இறகு ரெஸ்ட்டில் உரசுகிறதா என்பது, இவற்றையும் பாருங்கள். உரசலைப் பார்க்க இறகில் கொஞ்சம் டால்கம் பவுடர் தூவி எய்யுங்கள், தடம் விழும். கேம் சரிசெய்ய வில்லை அழுத்திப் பிடிக்கும் பிரஸ் வேண்டும், அது இல்லாமல் வீட்டில் நாணைக் கழற்றாதீர்கள்.

இவையெல்லாம் சரியா என்று பார்க்கப் பேப்பர் சோதனை போதும். ஒரு மரச்சட்டத்தில் செய்தித்தாளை இழுத்து ஒட்டி, பின்னால் டார்கெட் வைத்து, இரண்டு மீட்டர் தூரத்தில் நின்று எய்ய வேண்டும். நேராகப் போன அம்பு ஒரு வட்டத் துளையும் மூன்று இறகுக் கீறலும் மட்டும் விடும். என் முதல் தாளில் நான்கு சென்டிமீட்டருக்குக் கிழிசல். கிழிசல் எந்தப் பக்கம் என்பதை மட்டும் வைத்து அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். அதே கிழிசலைத் தப்பான ஸ்பைனும் தரும், நகர்ந்த ரெஸ்ட்டும் தரும், இறுக்கிப் பிடித்த கையும் தரும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி மூன்று அம்பு எய்து பாருங்கள். நான் 400 ஸ்பைன், 28 இன்ச் அம்புக்கு மாறி, வில்லை மறுபடி 52க்கு இறக்கி, ரெஸ்ட்டை ஒன்றரை மில்லிமீட்டர் நகர்த்திய பிறகு கிழிசல் மறைந்தது. அன்றைக்கு 10 மீட்டரில் ஒரு சாணுக்கு மேல் தைத்தது. அதே ஃபோம், அதே 52 பவுண்டு.

நேராகப் போக ஆரம்பித்த பிறகுதான் அம்பின் எடையைப் பற்றிப் பேசுவதில் பொருள் இருக்கிறது. என் வில்லில் எங்கள் மைதானத்தில் அம்பின் வேகம் அளக்கும் குரோனோகிராஃபில் அளந்ததைச் சொல்கிறேன். 350 கிரெய்ன் அம்பு, அதாவது 22.7 கிராம், நொடிக்கு 79 மீட்டர் போனது. 450 கிரெய்ன், அதாவது 29.2 கிராம், நொடிக்கு 71 மீட்டர். கணக்குப் போட்டால் ஆற்றல் 71 ஜூலும் 74 ஜூலும். பெரிய வித்தியாசமே இல்லை. ஆனால் எடையை வேகத்தால் பெருக்கி வரும் உந்தம் 1.79லிருந்து 2.07க்குப் போகிறது, ஏறக்குறைய 16 சதவீதம். தடுக்கும் விசை எவ்வளவு நேரம் தடுத்தால் அம்பு நிற்கும் என்பதை உந்தம் சொல்கிறது. அதனால்தான் மெதுவாகப் போனாலும் கனமான அம்பு சட்டென்று நிற்பதில்லை. கனமான அம்புக்கு வில்லில் சத்தமும் அதிர்வும் குறையும், வில்லின் ஆற்றலில் அதிகப் பங்கை அது வாங்கிக்கொள்கிறது. அதில் உள்ள இழப்பு என்னவென்றால் 50 மீட்டரில் வீழ்ச்சி அரை மீட்டர் அளவுக்குக் கூடும், குறி பார்க்கும் சைட்டை இறக்க வேண்டும், தூரத்தைத் தவறாக மதிப்பிட்டால் தண்டனையும் பெரிது. போட்டியில் தூரம் தெரிந்ததுதான், ஆகவே அது பெரிய குறையில்லை.

இலேசான அம்புக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு பவுண்டுக்கு 5 கிரெய்னுக்குக் குறையக் கூடாது. உங்கள் 50 பவுண்டுக்கு 250 கிரெய்ன். அதற்குக் கீழே போனால் அம்பில்லாமல் வெறும் நாணை விடுவதற்கு நெருங்கிவிடுகிறோம், லிம்பும் கேமும் உடையலாம்.

தண்டின் தடிமனும் கணக்கில் வரும். மெல்லிய தண்டுக்கு ஃபோமில் உரசும் பரப்பு குறைவு, அதனால் ஆழமாகப் போகும். தடித்த தண்டை ஆழத்துக்காக யாரும் வாங்குவதில்லை, வளையக் கோட்டைத் தொட்டால் கூடுதல் மதிப்பெண் கிடைக்கும் என்பதற்காக வாங்குகிறார்கள். உலக வில்வித்தை விதியில் தண்டு 9.3 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, வில் 60 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது. உங்கள் நண்பர் மெல்லிய அம்பு வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். நீங்கள் சொல்லும் வித்தியாசத்தில் ஒரு பகுதி அங்கேயே இருக்கலாம்.

இன்னொரு பகுதி டார்கெட்டில் இருக்கலாம். இருவரும் இடம் மாற்றி எய்தீர்களா? டார்கெட்டின் நடு மஞ்சள் வட்டத்தில் ஆயிரக்கணக்கான அம்பு வாங்கித் தளர்ந்த ஃபோமும், யாரும் தொடாத ஓரமும் ஒன்றல்ல. சித்திரை வெயிலில் ஃபோம் இளகும். வேகமாக நுழையும் கார்பன் தண்டு உரசிச் சூடாகி ஃபோமை உருக்கிவிடும், அது தண்டில் கறையாக ஒட்டிக்கொள்ளும். அந்தப் பிசுக்கோடு மறுபடி எய்தால் ஆழம் குறையும், பிடுங்குவதும் பெரும்பாடு. ஸ்பிரிட்டால் துடைத்து, முன்பாதியில் காய்ந்த சோப்புக் கட்டியை லேசாகத் தேய்த்துப் பாருங்கள். நான்கு விரல் ஆறு விரலாவதை இதிலேயே கண்டிருக்கிறேன்.

ஆழம் கூட வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இணையத்தில் ஆழத்தைப் பற்றிப் பேசும் பெரும்பாலான வீடியோக்கள் வெளிநாட்டு வேட்டைக்காரர்களுடையவை. இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். அகன்ற பிளேடு முனைகள் நம் டார்கெட்டைக் கிழிப்பதற்குத்தான் உதவும். நமக்கு வேண்டியது அம்பு நேராக நுழைந்து, இறகு வெளியே இருக்க, பாதுகாப்பாக நிற்பது. எங்கள் மைதானத்தில் ஒரு மாலை, தளர்ந்த ஃபோமின் நடுவைத் துளைத்த என் அம்பு பின்னால் இருந்த மரச்சட்டத்தில் போய்த் தைத்தது. சட்டத்துக்கு அந்தப் பக்கம் பத்து நிமிடம் முன்பு வரை பிள்ளைகள் அம்பு பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதிலிருந்து தளர்ந்த டார்கெட்டில் எய்ய மாட்டேன், அம்பைப் பிடுங்கும்போது என் பின்னால் யாரையும் நிற்க விடமாட்டேன்.

இன்றே முடிந்தால் இடம் மாற்றி எய்து, அம்பைத் துடைத்து, 10 மீட்டர் ஆழத்தை அளந்துவிடுங்கள். அம்பில் அச்சிட்டிருக்கும் ஸ்பைன் எண், நாக் பள்ளத்திலிருந்து தண்டின் முனை வரை நீளம், பாயிண்ட் எடை, உங்கள் டிரா லென்த், பேப்பர் கிழிசலின் படம் ஒன்று, இவற்றைக் கீழே கருத்தில் போடுங்கள். நான் பார்த்துச் சொல்கிறேன். பெங்களூரில்தான் இருக்கிறீர்கள் என்றால் அதையும் எழுதுங்கள், ஒரு ஞாயிறு காலை உங்கள் அம்புகளை டயல் கேஜில் வைத்துப் பார்த்துவிடலாம்.