கேளுங்கள், சொல்கிறேன்: ஐப்பசியில் காவிரிக்கரை

(கும்பகோணத்தில் குடியிருந்துகொண்டு, திருவிழா என்றாலும் மியூசியம் என்றாலும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும் நம் பதிலாளரிடம் இந்த மாதம் வந்த கேள்விகள்.)

கேள்வி: தீபாவளி சமயத்தில் பிள்ளைகளோடு தஞ்சாவூர்ப் பக்கம் வரலாம் என்றிருக்கிறோம். சதய விழாவும் பார்க்க ஆசை. எந்தத் தேதிக்கு டிக்கெட் போடலாம்? மழை கெடுத்துவிடுமா?
- வாசகி, ஈரோடு

பதில்: இங்கே இங்கிலீஷ் தேதிக்கு மரியாதை கிடையாது, அம்மா. ராஜராஜன் பிறந்தது ஐப்பசிச் சதயம். அந்த நட்சத்திரம் என்று வருகிறதோ அன்றுதான் விழா. 2023-ல் அக்டோபர் 24, 25-லேயே முடிந்துவிட்டது. அதற்கடுத்த வருஷம் நவம்பர் 9, 10. அதனால் முதலில் பஞ்சாங்கம், அப்புறம் டிக்கெட்.

மழை வரும். ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று சும்மாவா சொன்னார்கள்? ஆனால் பெரிய கோயிலுக்கு நான் மழைக்காலத்தைத்தான் சிபாரிசு செய்வேன். சித்திரையில் அந்தக் கல்தரையில் கால் வைக்க முடியாமல் தாண்டிக் குதித்து ஓட வேண்டும். இப்போது ஈரக் கல்லில் நின்று நிதானமாக அண்ணாந்து விமானத்தைப் பார்க்கலாம். விழாவன்று காலையில் யானை மேல் திருமுறையை ஏற்றி, ஓதுவார்கள் தேவாரம் பாட, ராஜவீதிகளில் ஊர்வலம் வரும். கோயில் வாசலில் முண்டியடிக்காதீர்கள். மேல வீதியில் ஒரு கடைப் படியைப் பிடித்துக்கொண்டால் யானையும் தெரியும், பாட்டும் காதில் விழும்.

கேள்வி: தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போனோம். சிலைகள் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிந்தன. அரை மணியில் வெளியே வந்துவிட்டோம். அப்படி என்னதான் இருக்கிறது அங்கே?
- வாசகர், தாம்பரம்

பதில்: எல்லாவற்றையும் பார்க்கப் போனால் அப்படித்தான் ஆகும், தம்பி. ஒன்றே ஒன்றைப் பாருங்கள். திருவெண்காட்டு ரிஷபவாகனர். சுமார் மூன்றரை அடி உயரம். 1011-ஐ ஒட்டி, ராஜராஜன் இருந்த காலத்திலேயே வார்த்தது. மண்ணுக்குள் புதைந்து கிடந்து 1951-ல்தான் வெளியே வந்தது.

பேர்தான் ரிஷபவாகனர், ரிஷபத்தைக் காணோம். அது கிடைக்கவே இல்லை. ஒரு காலை ஊன்றி, மற்றொரு காலைக் குறுக்கே வைத்து, மாட்டின் மேல் முழங்கையைப் போட்டுக்கொண்டு நிற்கிறார் சிவன். மாடு இல்லாத இடத்திலும் அந்தக் கை வெகு சுகமாகச் சாய்ந்திருக்கிறது. எதிரே இரண்டு நிமிஷம் நின்றால் உங்களுக்கே மாடு தெரிய ஆரம்பிக்கும். தலைமுடியைப் பாம்போடு சேர்த்துத் தலைப்பாகை மாதிரி சுற்றியிருப்பதையும், பக்கவாட்டில் போய் இடுப்பு வளைவையும் பாருங்கள். முன்னால் நின்று செல்ஃபி எடுப்பவர்களுக்கு அது கிடைக்காது.

இன்னொன்று. அங்கே இருப்பவை பெரும்பாலும் உற்சவ மூர்த்திகள். பட்டும் பூவும் சாத்தி, தோளில் தூக்கி, வீதி வலம் வரவென்று செய்தவை. காலையில் சதய விழா ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு மத்தியானம் கலைக்கூடத்துக்குள் போங்கள். எதற்குச் செய்தார்கள் என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது. எதிர்த்திசையில் பயணம் செய்தவர்களும் உண்டு. பெரிய கோயிலில் இருக்கும் ராஜராஜன், அவர் ராணி லோகமாதேவி சிலைகள் அகமதாபாத்தில் ஒரு மியூசியத்தில் இருந்தவை. 2018-ல்தான் ஊர் திரும்பின.

கலைக்கூடம் இருக்கிற அதே அரண்மனை வளாகத்தில் சரசுவதி மகால் நூலகக் காட்சிக்கூடம் இருக்கிறது. மனித முகத்தையும் மிருக முகத்தையும் ஒப்பிட்டு வரைந்த பழைய பிரெஞ்சுப் படங்களைப் பிள்ளைகள் விட்டு நகர மாட்டார்கள். சீனத் தண்டனைப் படங்கள் பக்கம் மட்டும் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள். ராத்திரி தூங்க மாட்டார்கள்.

கேள்வி: கங்கைகொண்ட சோழபுரத்தில் அன்னாபிஷேகத்துக்கு மூட்டை மூட்டையாக அரிசி வடிக்கிறார்களே, வீண் இல்லையா?
- வாசகர், திருப்பூர்

பதில்: பதின்மூன்று அடிக்கு மேல் நிற்கிற லிங்கத்தை மூட வேண்டும் என்றால் ஒரு குண்டான் போதுமா? ஐப்பசிப் பௌர்ணமியன்று லிங்கத்தின் மேல் பட்ட சாதம் நீர்நிலைக்கு, மீன்களுக்குப் போகிறது. மிச்சம் வந்தவர்களுக்குப் பிரசாதம். கல்யாண வீட்டு எச்சில் இலைகளைப் பார்த்த பிறகு இந்தக் கேள்வியை அங்கே கேட்டால் எனக்குச் சந்தோஷம். போனால் பக்கத்திலேயே மாளிகைமேட்டையும் பாருங்கள். ராஜேந்திரன் அரண்மனையில் மிஞ்சிய செங்கல் சுவர்கள் அவை.

கேள்வி: மாயவரத்தில் கடைமுகம், முடவன் முழுக்கு இரண்டில் எதற்கு வருவது?
- வாசகி, விழுப்புரம்

பதில்: இதற்குத் தேதி சிக்கல் இல்லை. ஐப்பசி கடைசி நாள் கடைமுகம், கார்த்திகை முதல் நாள் முடவன் முழுக்கு, அதாவது நவம்பர் பாதியில். ஐப்பசி முழுக்க கங்கையே இங்கே காவிரியில் வந்து குளிப்பதாக ஐதீகம். கால் முடியாத ஒருவர் தட்டுத்தடுமாறி வந்து சேர்வதற்குள் மாசம் முடிந்துவிட, அவருக்காகச் சிவன் ஒரு நாள் கூடக் கொடுத்தார் என்கிறார்கள்.

கூட்டமும், துலாக்கட்டம் என்கிற காவிரிப் படித்துறைக்குத் தீர்த்தவாரிக்கு வரும் சாமிகளும் வேண்டுமென்றால் கடைமுகம். வயசானவர்களைக் கூட்டி வருகிறீர்கள் என்றால் மறுநாள். அந்த நாள் யாருக்காக ஏற்பட்டதோ, அவர்களுக்குத்தான் இன்றும் சௌகரியம். படிக்கட்டில் பாசி இருக்கும், கையைப் பிடித்து இறக்குங்கள்.

கேள்வி: வெள்ளிக்கிழமை தரங்கம்பாடி போகலாம் என்றிருக்கிறோம்...
- வாசகர், சேலம்

பதில்: போகாதீர்கள். நம் அரசு மியூசியங்கள் பலவற்றுக்கு வெள்ளிதான் லீவு, இங்கேயும் அப்படியே. சனிக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள். 1620-ல் தஞ்சாவூரை ஆண்ட ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கி டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டைக்குள்ளேயே காட்சிக்கூடம். நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்குத் தங்க ஏட்டில் அனுப்பிய கடிதம் கோபன்ஹேகனில் இருக்கிறது, இங்கே தேடாதீர்கள். 1845-ல் ஊரையே இங்கிலீஷ்காரனுக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கடலை ஒட்டி நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில் பாண்டியர் காலத்தது. பழைய கட்டடத்தில் பெரும்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. ஐப்பசி அலையைப் பார்த்தால் எப்படி என்று புரியும்.

கேள்வி: நாகூர் கந்தூரி டிசம்பரில்தானே? போன தடவை வந்து ஏமாந்தோம்.
- வாசகி, காரைக்குடி

பதில்: அது ஹிஜ்ரி கணக்கு, பிறையை வைத்து ஓடும் முஸ்லிம் காலண்டர். ஜமாதுல் ஆகிர் மாசப் பிறை தெரிந்தால் கொடியேற்றம். அதனால் வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே நகரும். 2023-ல் டிசம்பர் நடுவில் வந்தது, 2025-ல் நவம்பருக்கே வந்துவிட்டது. கொடியேறி பத்தாம் நாள் ராத்திரி நாகப்பட்டினத்திலிருந்து சந்தனக்கூடு கிளம்பும், விடியற்காலையில் தர்காவில் சந்தனம் பூசுவார்கள். அந்த ராத்திரியில் ரூம் தேடாதீர்கள், கிடைக்காது. மறுநாள் மதியம் கூட்டம் வடிந்ததும் பெரிய மினாராவைப் பார்க்கலாம். 131 அடி. தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாபசிங் கட்டிக் கொடுத்தது.