லோக்கலில் ஓடும் சாக்கெட்.ஐஓ, சர்வரில் ஏற்றியதும் 400 பிழை தந்து அறுந்து அறுந்து இணைவது ஏன்?

கேள்வியின் சுருக்கம்: நோட்.ஜேஎஸ், எக்ஸ்பிரஸ், சாக்கெட்.ஐஓ 4 (பிரவுசரும் சர்வரும் உடனுக்குடன் செய்தி பரிமாற உதவும் லைப்ரரி). முன்னால் கோரிக்கைகளை வாங்கிக் கடத்தும் என்ஜின்எக்ஸ், பின்னால் பிராசஸ்களை ஓட்டிப் பராமரிக்கும் பிஎம்2, அதன் கிளஸ்டர் மோடில் நான்கு பிராசஸ். சொந்தக் கணினியில் எந்தச் சிக்கலும் இல்லை. சர்வரில் கன்சோல் முழுக்க 400 (கோரிக்கை ஏற்கப்படவில்லை என்னும் எச்டிடிபி பிழை). எப்போதாவது இணைகிறது, கொஞ்ச நேரத்தில் அறுகிறது. திரும்ப இணைந்தபின் ஒரே செய்தி இரண்டு முறை வருகிறது.

இவை மூன்றும் தனித்தனிக் கோளாறுகள். ஒரே வரியை மாற்றி மூன்றையும் தீர்க்கப் பார்ப்பதால்தான் இழுத்துக்கொண்டே போகிறது. கார்ஸ் (வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கைகளை அனுமதிக்கும் விதி) ஒரிஜினுக்கு நட்சத்திரம் போடுவதற்கும் இந்த 400-க்கும் சம்பந்தமே இல்லை. கார்ஸ் தப்பாக இருந்தால் பிரவுசர் கன்சோலிலேயே கார்ஸ் என்று பெயர் சொல்லித் திட்டும்.

முதலில் சர்வர் என்ன காரணம் சொல்கிறது என்று கேளுங்கள். ஐஓ.என்ஜின் மீது 'கனெக்‌ஷன்_எரர்' நிகழ்வுக்கு ஒரு ஹேண்ட்லர் வைத்து, அதில் வரும் கோட், மெசேஜ், கான்டெக்ஸ்ட் மூன்றையும் லாகில் எழுதுங்கள். 400 என்பது வெறும் உறை. உள்ளே இருக்கும் கோட்தான் விஷயம். 1 வந்தால் 'செஷன் ஐடி அன்நோன்'. 3 வந்தால் 'பேட் ரிக்வெஸ்ட்'. 5 வந்தால் கிளையன்ட் பதிப்பு 2-இல் நிற்கிறது, சர்வர் 3 அல்லது 4-க்குப் போய்விட்டது என்று பொருள். கிளையன்ட்டை ஏற்றுங்கள், முடியாதபோது மட்டும் சர்வரில் 'அலவ்ஈஐஓ3' ஆப்ஷனை ட்ரூ ஆக்குங்கள்.

உங்கள் அமைப்பில் 1-தான் வரும் என்று அடித்துச் சொல்லலாம். சாக்கெட்.ஐஓ எடுத்த எடுப்பில் வெப்சாக்கெட் (இரு பக்கமும் பேசத் திறந்தே இருக்கும் இணைப்பு) திறப்பதில்லை. முதலில் சாதாரண எச்டிடிபி கெட் ஒன்று போகும், சர்வர் ஒரு செஷன் ஐடி தரும். அடுத்தடுத்த போலிங் கோரிக்கைகள் (புதுச் செய்தி உண்டா என்று திரும்பத் திரும்பக் கேட்பவை), வெப்சாக்கெட்டுக்கு மாறும் கோரிக்கை எல்லாமே அந்த ஐடியைத் தூக்கிக்கொண்டு போகும். அந்த ஐடி அதைக் கொடுத்த பிராசஸின் மெமரியில் மட்டும்தான் இருக்கிறது. பிஎம்2 கிளஸ்டர் மோடில் வரும் கனெக்‌ஷன்கள் நான்கு பிராசஸுக்கும் பிரிந்து போவதால், இரண்டாவது கோரிக்கை வேறு பிராசஸில் விழுந்தால் அது 'இப்படி ஒரு ஆளை எனக்குத் தெரியாது' என்று 400 அடிக்கும். தற்செயலாக எல்லாம் ஒரே பிராசஸில் விழுந்தால் இணைந்துவிடும். 'எப்போதாவது' இணைவதன் ரகசியம் அவ்வளவுதான்.

இங்கே பலர் என்ஜின்எக்ஸில் ஐபி_ஹேஷ் (ஒரே ஐபி முகவரியிலிருந்து வருபவரை எப்போதும் ஒரே பிராசஸுக்கு அனுப்பும் அமைப்பு) போட்டுவிட்டு, ஒன்றும் மாறவில்லையே என்று திகைப்பார்கள். கிளஸ்டர் மோடில் நான்கு பிராசஸும் ஒரே போர்ட்டைப் பகிர்கின்றன. என்ஜின்எக்ஸ் கண்ணுக்கு ஒரே முகவரிதான் தெரியும், பிரிப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. பிஎம்2-வை ஃபோர்க் மோடுக்கு மாற்றி 3001 முதல் 3004 வரை நான்கு தனிப் போர்ட்டில் ஓட்டுங்கள். அந்த நான்கையும் என்ஜின்எக்ஸின் அப்ஸ்ட்ரீம் பிளாக்கில் எழுதி, மேலே ஐபி_ஹேஷ் வையுங்கள். ஐபிவி4-இல் அது முகவரியின் முதல் மூன்று பகுதிகளை மட்டுமே பார்க்கும், அதனால் ஒரே நெட்வொர்க்கில் உட்கார்ந்து சோதித்தால் எல்லாரும் ஒரே பிராசஸில் குவிவது இயல்பு. முன்னால் இன்னொரு ப்ராக்ஸியோ சிடிஎன்னோ இருந்தால் ஐபி_ஹேஷ் பார்ப்பது அதன் முகவரியைத்தான். அப்போது குக்கியை வைத்துப் பிரிக்கும் முறைக்குப் போங்கள்.

டிரான்ஸ்போர்ட்டை வெப்சாக்கெட் மட்டும் என்று வைத்தாலும் இந்த 400 போய்விடும், ஏனென்றால் ஒரே கனெக்‌ஷன் ஒரே பிராசஸில் கடைசி வரை இருக்கும். ஆனால் வெப்சாக்கெட்டைத் தடுக்கும் நெட்வொர்க்குகளில் இருப்பவர்களுக்கு மாற்று வழி இருக்காது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் பிராசஸ்களுக்கிடையே செய்தியைக் கடத்தும் அடாப்டர் ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் எல்லாருக்கும் என்று ஐஓ.எமிட் செய்வது அந்த ஒரு பிராசஸில் இருப்பவர்களுக்கு மட்டுமே போகும். ரெடிஸ் அடாப்டர் வழக்கமான தேர்வு. உண்மையில் உங்களுக்கு நான்கு பிராசஸ் தேவையா என்றும் யோசியுங்கள். சில நூறு பேர் அரட்டையடிக்கும் செயலிக்கு ஒன்றே தாராளம்.

லாகில் 3 வந்து, கோரிக்கை வெப்சாக்கெட்டுடையதாக இருந்தால், குற்றவாளி என்ஜின்எக்ஸ். வெப்சாக்கெட்டுக்கு மாறச் சொல்லும் அப்கிரேட் ஹெட்டரை அது தானாகப் பின்னால் கடத்தாது. லொகேஷன் பிளாக்கில் மூன்று வரி வேண்டும்: ப்ராக்ஸி_எச்டிடிபி_வெர்ஷன் 1.1, அப்கிரேட் ஹெட்டருக்கு $எச்டிடிபி_அப்கிரேட், கனெக்‌ஷன் ஹெட்டருக்கு 'அப்கிரேட்'. ஒரு பொறி: லொகேஷனுக்குள் ஒரே ஒரு ப்ராக்ஸி_செட்_ஹெட்டர் எழுதினாலும், மேலே சர்வர் பிளாக்கில் எழுதியவை அங்கே செல்லாது. ஹோஸ்ட், எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் இரண்டையும் திரும்ப எழுதுங்கள்.

சரியாகிவிட்டதா என்று டெவ்டூல்ஸில் பார்க்கலாம். நெட்வொர்க் டேபில் டபிள்யூஎஸ் ஃபில்டர் போட்டால் ஸ்டேட்டஸ் 101 தெரிய வேண்டும். அதைச் சொடுக்கி மெசேஜஸ் பகுதியைத் திறந்தால், முதலில் '2ப்ரோப்' சர்வருக்குப் போகும், '3ப்ரோப்' பதிலாக வரும், பிறகு ஒரு '5' போகும். அத்துடன் மாற்றம் முடிந்தது. அதன்பின் 25 விநாடிக்கு ஒருமுறை சர்வரிலிருந்து '2', பதிலுக்கு '3'. உங்கள் செய்திகள் '42' என்று தொடங்கும். 101 வராமல் போலிங் கோரிக்கைகள் மட்டுமே வரிசையாக ஓடிக்கொண்டிருந்தால், செயலி வேலை செய்வதுபோலத் தெரிந்தாலும் வெப்சாக்கெட் கிடைக்கவில்லை.

அடுத்து, அறுவது. டிஸ்கனெக்ட் நிகழ்வில் வரும் காரணத்தை இரு பக்கமும் லாக் செய்யுங்கள். 'பிங் டைம்அவுட்' ஒரே நேரத்தில் எல்லாருக்கும் வந்தால் நெட்வொர்க்கைச் சந்தேகிக்காதீர்கள், ஈவன்ட் லூப் (நோட்.ஜேஎஸ் எல்லா வேலையையும் ஒவ்வொன்றாக எடுத்துச் செய்யும் சுழற்சி) அடைபட்டிருக்கிறது. சிங்க் முறையில் பெரிய ஃபைல் படிப்பது, பாஸ்வேர்ட் ஹேஷ் போடுவது போன்றவற்றைத் தேடுங்கள். பிங் இடைவெளி 25 விநாடி, காத்திருப்பு 20 விநாடி என்பது இயல்பு அளவு. காத்திருப்பைக் கூட்டினால் அறிகுறிதான் மறையும்.

'டிரான்ஸ்போர்ட் குளோஸ்' என்றால் கனெக்‌ஷனே மூடப்பட்டிருக்கிறது. படம் அனுப்பும்போது மட்டும் நடந்தால் மேக்ஸ்எச்டிடிபிபஃபர்சைஸ் பாருங்கள், இயல்பு அளவு 1 எம்பி. பேஸ்64 ஆக்கினால் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடுவதால் 750 கேபி படமே எல்லையைத் தொட்டுவிடும். படத்தைச் சாதாரண எச்டிடிபியில் ஏற்றி, சாக்கெட்டில் முகவரியை மட்டும் அனுப்புங்கள். ஃபைல் ஏற்றும்போதெல்லாம் எல்லாருக்கும் அறுந்தால், பிஎம்2-வில் வாட்ச் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்: அப்லோட் ஃபோல்டர் பிராஜெக்ட்டுக்குள் இருந்தால் ஒவ்வொரு புது ஃபைலுக்கும் பிராசஸ் ரீஸ்டார்ட் ஆகும். சரியாக 60 விநாடியில் அறுவது என்ஜின்எக்ஸின் ப்ராக்ஸி_ரீட்_டைம்அவுட் கைவரிசை, ஆனால் 25 விநாடி பிங் இருக்கும்வரை சாக்கெட்.ஐஓவில் அது தலைகாட்டாது. வெறும் 'டபிள்யூஎஸ்' மாட்யூல் பயன்படுத்துபவர்கள்தான் சிக்குவார்கள்; அங்கே சர்வரிலிருந்து நீங்களே பிங் அனுப்ப வேண்டும், பிரவுசர் ஜாவாஸ்கிரிப்டிலிருந்து பிங் ஃபிரேம் அனுப்ப வழியில்லை. 'ஐஓ சர்வர் டிஸ்கனெக்ட்' வந்தால் கிளையன்ட் தானாகத் திரும்ப முயலாது, சாக்கெட்.கனெக்ட் நீங்கள்தான் அழைக்க வேண்டும்.

இரட்டைச் செய்திக்குக் காரணம் கிளையன்ட் கோட். கனெக்ட் ஹேண்ட்லருக்குள் சாக்கெட்.ஆன் எழுதியிருப்பீர்கள், ஒவ்வொரு மறு இணைப்பிலும் இன்னொரு லிஸனர் (செய்தி வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) சேரும், இரண்டு மூன்றாகும். லிஸனர்களை வெளியே எடுங்கள். ரியாக்ட் என்றால் யூஸ்எஃபெக்டின் கிளீன்அப்பில் அதே ஃபங்ஷனைக் கொடுத்து சாக்கெட்.ஆஃப் செய்யுங்கள். ரூமில் (சர்வர் வைத்திருக்கும் சாக்கெட் குழு) சேர்வது இதற்கு நேர்மாறு, அது ஒவ்வொரு கனெக்ட்டிலும் நடக்க வேண்டும், ஏனென்றால் மறு இணைப்பில் சாக்கெட் ஐடி புதிது, பழைய ரூம்கள் போய்விடும். 4.6-இல் வந்த கனெக்‌ஷன் ஸ்டேட் ரெக்கவரி பழைய ஐடியையும் ரூம்களையும் மீட்டு இதைச் சமாளிக்கும், ஆனால் சாதாரண ரெடிஸ் அடாப்டருடன் சேராது; ரெடிஸ் ஸ்ட்ரீம்ஸ் அடாப்டர் வேண்டும்.

வரிசை இதுதான்: லாக், ஃபோர்க் மோட், என்ஜின்எக்ஸ் வரிகள், அடாப்டர், கடைசியில் லிஸனர்கள். என்ஜின்எக்ஸ் கோப்பைத் தொட்டபின் ரீலோட் செய்யுமுன் 'nginx -t' கட்டளை கொடுத்துச் சரிபாருங்கள். 400 அப்போதும் நீடித்தால், லாகில் விழுந்த கோட், கான்டெக்ஸ்ட் இரண்டையும் அப்ஸ்ட்ரீம் பிளாக்கையும் கேள்வியில் சேருங்கள்.