களரி – சிலம்பம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பத்து வருஷமாகத் தெக்கன் களரி (களரிப்பயிற்றின் தெற்கத்தி முறை) பயில்கிறேன். புதிதாகச் சேர்ந்த இடத்தில் ஆசான், வயிற்றுக்கு வரும் கத்திக்குத்தை மணிக்கட்டில் பிடித்து, வெளிப்பக்கம் திருகி, கத்தியை விழவைக்கச் சொல்லித் தருகிறார். குத்துகிறவன் கையை நீட்டியபடி நின்றால் எல்லாம் சரியாக வருகிறது. குத்தியதும் கையை இழுத்துக்கொண்டால் எனக்குப் பிடியே கிடைப்பதில்லை. கேட்டால், "உனக்கு வேகம் போதாது" என்கிறார். முறை தப்பா, நான் தப்பா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பாறசாலை

பதில்: பெரும்பாலும் முறையில்தான் தப்பு. குத்தும் கையில் அதிக வேகமாகப் போய்வருவது மணிக்கட்டு. அதைத் துரத்திப் பிடிப்பது கடினம். எண்ணெய் தேய்த்துப் பயிலும் நாளில் முயன்று பாருங்கள், விரல் வழுக்கிக் கத்தி இருக்கும் பக்கமே போய் நிற்கும். முழங்கை அவ்வளவு தூரம் அலைவதில்லை. அதனால் முதல் குறி அதுதான்.

முதலில் கால். குத்து வரும் கோட்டிலிருந்து அரைச் சுவடு (காலடி) வெளிப்பக்கமாக, சாய்வாக முன்னே ஏறுங்கள். பின்வாங்கினால் இரண்டாம் குத்துக்கு நீங்களே இடம் கொடுத்த மாதிரி. ஏறும்போதே உங்கள் முன்கை அவன் முன்கையில், முழங்கைக்குச் சற்றுக் கீழே படியட்டும். மற்றக் கையையும் சேர்த்து, அவன் கையை அவன் உடம்போடு ஒட்டி அமுக்குங்கள். இழுக்க இடமில்லாமல் கை சிக்கிய பிறகே மணிக்கட்டுக்குப் போகலாம். ஆசான் சொல்லும் திருகலுக்கு அப்போதுதான் வேளை. திருகும்போது கத்தி முனை எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று மெதுவாகச் செய்து கவனியுங்கள். பல பூட்டுகளில் (கையை மடக்கித் திருகும் பிடிகளில்) அது பிடித்தவன் முன்கையை உரசிக்கொண்டே போகும். விழுந்த கத்தியைப் பார்க்கிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

சோதிக்க வழி உண்டு. ஒரு சாண் நீளக் கட்டையின் நுனியில் துணி சுற்றி, ஈரக் கரி தடவுங்கள். பழைய வெள்ளைப் பனியன் போடுங்கள், கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி கட்டாயம். ஆசானிடம் சொல்லிவிட்டு, உங்கள் அளவுக்குப் பயின்ற ஒருவரோடு மூன்று விதமாகச் செய்யுங்கள்: குத்தி நிறுத்துவது, குத்தி இழுப்பது, இடது கையால் தள்ளிக்கொண்டே விடாமல் இரண்டு மூன்று முறை குத்துவது. ஒவ்வொன்றும் பத்துத் தடவை. வயிறு, கழுத்து, முன்கையின் உட்பக்கம் – கறையை எண்ணுங்கள். இரண்டாம் விதத்திலேயே பனியன் கறுத்தால் உங்கள் சந்தேகம் நியாயம்.

ஆசான் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. கூட்டச்சுவடு என்ற பயிற்சி தொடங்கும்போது நீட்டிய கையில் பயின்றால்தான் இடமும் திசையும் மனதில் நிற்கும். ஆரம்ப மாதங்களுக்கு அது வேண்டும். பத்து வருஷக்காரருக்கும் அதிலேயே நின்றால்தான் குறை. "வேகம் போதாது" என்பதும் பாதி உண்மை. கால் பிந்தினால் கை பிந்தியதாகவே தெரியும்.

பிள்ளைகள் போனபிறகு தனியாகக் கேளுங்கள். "இது வேலைக்கு ஆகாது" என்று ஆரம்பிக்க வேண்டாம். "ஆசானே, கையை இழுத்துட்டா பிடி எங்க வைக்கணும்? ஒருக்கா காட்டித் தாருங்க" என்றால் போதும். விஷயம் தெரிந்தவர் உங்களையே குத்தச் சொல்லி, காலிலிருந்து தொடங்குவார். "வர்மத்தில் தொட்டால் விழுந்துடுவான்" என்று மட்டும் பதில் வந்தால் நம்பி இருக்காதீர்கள். வர்மம் என்றால் உடம்பில் அடிபட்டால் ஆபத்தான இடம்; படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்பது நம் மரபுக் கணக்கு. ஆனால் ஓடியாடும் உடம்பில், கத்தி எதிரே இருக்க, விரலகல இடத்தைக் குறிவைப்பது வேறு சங்கதி. அதைக் கூட்டாளி மேல் சோதிக்கவே கூடாது. தெருவில் நிஜக் கத்தியைக் கண்டால், வழி இருக்கும்வரை ஓடுங்கள்.

கேள்வி: எங்கள் சிலம்ப ஆசிரியர் பெரியவர், சிறுவர் எல்லாருக்கும் ஒரே நீளக் கம்புதான் தருகிறார். சரியா?
– ஒரு வாசகி, நகரி

பதில்: சரியில்லை. வெறுங்காலில் நேராக நின்றால் கம்பு நெற்றியை எட்ட வேண்டும். அதைவிட நீண்டால் கீழ்வீச்சில் நுனி தரையில் இடித்து, அந்த அதிர்வு மணிக்கட்டில் ஏறும். பிள்ளைகளுக்கு வலி வருவது இதனால்தான். பழைய கம்பையே அவரவர் அளவுக்கு அறுத்து, கணுவைச் சீவித் தேய்த்துக் கொடுக்கலாம். அறுத்த முனையில் கீறல் தெரிந்தால் அந்தக் கம்பை ஒதுக்கிவிடுங்கள், வீச்சில் அது சிம்பாகப் பிளக்கும்.