எட்டாம் ஹென்றியும் ரோமை விட்டு விலகிய இங்கிலாந்தும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

எட்டாம் ஹென்றி என்றதும் வந்த கேள்விகளில் பாதி அவருடைய ஆறு மனைவிகளைப் பற்றியவை. அவற்றை இன்னொரு நாள் பார்க்கலாம். 1530-களில் இங்கிலாந்துத் திருச்சபைக்கு என்ன நடந்தது என்று கேட்டவர்களுக்குத்தான் இந்தப் பதில்கள்.

கேள்வி: மனைவியைத் தள்ளிவைக்கத்தான் ஒரு நாட்டின் மதத்தையே மாற்றினாரா? போப் ஏன் சம்மதிக்கவில்லை?

தொடக்கம் அதுதான், ஆனால் அதோடு நிற்கவில்லை. அண்ணன் ஆர்தர் 1502-இல் இறந்துவிட, அண்ணி கேத்தரினை 1509-இல் ஹென்றி மணந்தார். அதற்குப் போப் இரண்டாம் ஜூலியஸ் தனி அனுமதியே கொடுத்திருந்தார். பிறந்த பிள்ளைகளில் தங்கியது மேரி ஒருத்திதான். ஆண் வாரிசு இல்லையே என்ற பயத்தை அற்பமாக நினைக்காதீர்கள், ஹென்றியின் அப்பாவே 1485-இல் போர்க்களத்தில் கிரீடத்தைப் பிடித்தவர், இன்னொருவன் அதே வழியில் வர எவ்வளவு நேரம் ஆகும்? சகோதரன் மனைவியை எடுப்பவனுக்குப் பிள்ளை இருக்காது என்று லேவியராகமத்தில் ஒரு வசனம் உண்டு. அதை ஹென்றி கெட்டியாகப் பிடித்துக்கொண்டார், உண்மையாகவே நம்பினார் என்பது என் எண்ணம்.

அவர் கேட்டது, அந்தத் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்ற தீர்ப்பு. அப்படியானால் முந்தைய போப் கொடுத்த அனுமதி தப்பு என்று இந்தப் போப் சொல்லியாக வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் 1527-இல் வந்தது. ஸ்பெயினையும் ஜெர்மனியையும் ஆண்ட பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படை ரோமைச் சூறையாடியது, போப் ஏழாம் கிளமெண்ட் அவர்கள் கையில் சிக்கினார். சார்லஸ் யார் தெரியுமா, கேத்தரினின் அக்கா மகன்! சித்தியை அவமானப்படுத்தும் தீர்ப்பை அவர் விடுவாரா? கிளமெண்ட் வருடக்கணக்கில் இழுத்தடித்தார்.

கேள்வி: ராஜா நினைத்தால் திருச்சபைத் தலைவர் ஆகிவிட முடியுமா?

தனியாக முடியாது, அதனால்தான் நாடாளுமன்றத்தைச் சேர்த்துக்கொண்டார். வழி வகுத்தவர் அவருடைய முக்கிய அமைச்சர் தாமஸ் குரோம்வெல். 1533-இல் ஒரு சட்டம்: இங்கிலாந்தின் வழக்கு எதையும் ரோமுக்கு மேல்முறையீடாகக் கொண்டுபோகக் கூடாது. உடனே புதுப் பேராயர் கிரான்மர் கேத்தரின் திருமணம் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார், ஜூன் 1-ஆம் தேதி ஹென்றியின் புது மனைவி ஆன் பொலின் ராணியாக முடிசூடினார். 1534-இல் ராஜாவே இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவர் என்ற சட்டம் வந்தது. கையோடு வந்த இன்னொரு சட்டம்தான் கொடியது. ராஜாவின் பட்டத்தை வாயால் மறுத்தாலே தேசத்துரோகம், தலை போகும். பிஷப் ஜான் ஃபிஷர், முன்னாள் சான்சலர் தாமஸ் மோர் இருவரும் 1535-இல் அப்படித்தான் போனார்கள்.

கேள்வி: மடங்களை மூடியது ஒழுக்கக்கேட்டுக்காகவா, பணத்துக்காகவா?

பணத்துக்காக. சில மடங்களில் ஒழுங்கு கெட்டிருந்தது உண்மை, ஆனால் நடந்த வரிசையைப் பாருங்கள். 1535-இல் நாடு முழுக்கச் சபைச் சொத்துகளைக் கணக்கெடுத்தார்கள். 1536-இல் வருட வருமானம் 200 பவுண்டுக்குக் கீழே உள்ள மடங்களை மூடச் சட்டம் போட்டார்கள். ஒழுக்கம்தான் பிரச்சினை என்றால் வருமானத்தை வைத்து ஏன் கோடு போட வேண்டும்? அப்புறம் பெரிய மடங்களும் ஒவ்வொன்றாகப் போயின. 1540 மார்ச்சில் வால்தம் மடம் கடைசி. சுமார் 800 மடங்கள், நாலே வருடத்தில்.

ஒரு மடம் எப்படி முடிந்தது என்றால், அதிகாரிகள் வருவார்கள், வெள்ளிப் பாத்திரங்கள் ராஜாவின் கஜானாவுக்கு, கூரையில் வேய்ந்திருந்த ஈயத் தகட்டை உரித்து அங்கேயே உருக்குவார்கள், மணிகளும் உலோக விலைக்குப் போகும். கூரை போன கட்டிடம் மழையில் எத்தனை நாள் நிற்கும்? நிலத்தை நிர்வகிக்கத் தனி அலுவலகமே திறந்தார்கள், ஆனால் பெரும்பகுதியைப் பிரான்சோடு போர் நடத்த விற்றுத் தீர்த்தார்கள். வாங்கிய நிலவுடைமைக் குடும்பங்கள் பழைய நிலைக்குத் திரும்ப விடவில்லை, பின்னால் கத்தோலிக்கராகவே ஆண்ட மகள் மேரியால்கூட அந்த நிலங்களை மீட்க முடியவில்லை. ஒத்துழைத்த துறவிகளுக்கு ஓய்வூதியம் கிடைத்தது. மடத்து வாசலில் சோறு வாங்கியவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. கிளாஸ்டன்பரி மடத்தின் வயதான தலைவர் ரிச்சர்ட் வைட்டிங்கை 1539 நவம்பரில் ஊருக்கு மேலே உள்ள குன்றில் ஏற்றித் தூக்கிலிட்டார்கள். இதைச் சீர்திருத்தம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கேள்வி: மக்கள் சும்மா இருந்தார்களா?

இல்லை. 1536 இலையுதிர்காலத்தில் இங்கிலாந்தின் வடக்கு முழுக்கக் கிளர்ந்தெழுந்தது. ராபர்ட் ஆஸ்க் என்ற வழக்கறிஞர் தலைமையில் சுமார் 30,000 பேர், கிறிஸ்துவின் ஐந்து காயங்கள் வரைந்த கொடியோடு. தங்களை யாத்ரீகர்கள் என்றார்கள். ராஜாவின் படை அவர்களுக்கு முன் சிறியது, அதனால் பேச்சுவார்த்தை, மன்னிப்பு, நாடாளுமன்றம் கூட்டுவோம் என்ற வாக்குறுதி. நம்பிக் கலைந்து போனார்கள். அடுத்த வருடம் வேறொரு சின்னக் கலவரத்தைச் சாக்காக வைத்துப் பழிவாங்கினார் ஹென்றி. ஆஸ்கை யார்க் நகரில் சங்கிலியில் தொங்கவிட்டார்கள்.

கேள்வி: அப்படியானால் ஹென்றி புராட்டஸ்டன்டா?

இல்லை, பலரும் தடுமாறுவது இங்கேதான். புராட்டஸ்டன்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜெர்மானியர் லூதரை எதிர்த்து 1521-இல் ஹென்றியின் பெயரில் நூல் வந்தது, அதற்காகப் போப் கொடுத்த ‘விசுவாசத்தின் காவலர்’ பட்டத்தின் சுருக்கம் இன்றும் பிரிட்டிஷ் நாணயத்தில் இருக்கிறது. ரோமை விட்டபிறகும் திருப்பலி, குருக்களின் மணத்துறவு, பாவசங்கீர்த்தனம் எல்லாவற்றையும் 1539-இல் ஆறு பிரிவுச் சட்டம் போட்டுக் காப்பாற்றினார். நற்கருணையில் அப்பம் கிறிஸ்துவின் உடலாகிறது என்பதை மறுத்தால் தீயில் எரிப்பார்கள். பேராயர் கிரான்மரே ரகசியமாகக் கல்யாணம் செய்தவர், மனைவியை ஜெர்மனிக்கு அனுப்பிவைக்க வேண்டியதாயிற்று.

1540 ஜூலை 30 அன்று லண்டன் ஸ்மித்ஃபீல்டில் நடந்ததைப் பாருங்கள். ஆறு பேரை மரத்தட்டிகளில் கட்டி இழுத்து வந்தார்கள், ஒவ்வொரு தட்டியிலும் ஒரு கத்தோலிக்கர், ஒரு சீர்திருத்தக்காரர். லூதர் பக்கம் சாய்ந்த மூன்று பேரை எரித்தார்கள், போப்பை விடாத மூன்று பேரைத் தேசத்துரோகிகள் என்று தூக்கிலிட்டுக் கூறுபோட்டார்கள். குரோம்வெல்லின் தலையே இரண்டு நாள் முன்புதான் விழுந்திருந்தது. இரண்டு தரப்புக்கும் அளவுகோல் ஒன்று, ராஜா சொன்னதை நம்புகிறாயா இல்லையா என்பது.

கேள்வி: பைபிளை ஆங்கிலத்தில் கொடுத்தாரே, அது?

கொடுத்தார். 1538-இல் தேவாலயத்துக்கு ஒரு பிரதி வைக்க உத்தரவு, மறு வருடம் பெரிய பைபிள் அச்சாகி வந்தது. பிறகு 1543-இல் கைவினைஞர், வேலைக்காரர், உழவர், சாதாரணப் பெண்கள் அதைப் படிக்கக் கூடாது என்று சட்டம்!

கேள்வி: எங்கள் ஊர் சி.எஸ்.ஐ. சபைக்கும் இவருக்கும் தொடர்பு உண்டா?

சுற்றி வளைத்து உண்டு. 1947-இல் பல சபைகள் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதில் இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த ஆங்கிலிக்கன் பிரிவும் ஒன்று. ஆனால் ஆங்கிலிக்கன் வழிபாட்டு நூல் வந்தது 1549-இல், ஹென்றி மகன் ஆறாம் எட்வர்ட் காலத்தில். ஹென்றியோ தன் ஆன்மாவுக்குப் பூசை வைக்க உயிலில் பணம் ஒதுக்கிவிட்டு 1547-இல் இறந்தார்.

கேள்வி: உருப்படியாக எதுவுமே மிஞ்சவில்லையா?

ஒன்று சொல்கிறேன். ஒவ்வொரு பங்கிலும், அதாவது ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் ஊர்ப்பகுதியிலும், ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 1538-இல் குரோம்வெல் உத்தரவிட்டார். புது வரிக்குத்தான் கணக்கெடுக்கிறார்கள் என்று மக்கள் பயந்தார்கள், அந்த வரி வரவே இல்லை. ராஜாவும் பிரபுவும் அல்லாத ஒரு நெசவாளியின், ஒரு கூலிக்காரியின் பெயர் அந்தக் காலத்திலிருந்து நமக்குக் கிடைக்கிறது என்றால் பெரும்பாலும் அந்தப் பதிவேடுகளால்தான்.