அச்சுப்படியும் தோற்சுருளும்: இங்கிலாந்தின் பழைய வரிப்பட்டியல்களை ஒப்புநோக்குவது பற்றிய கேள்வி பதில்

இங்கிலாந்தின் கவுன்ட்டிகளில் (மாவட்டங்களில்) இயங்கிய ஆவணச் சங்கங்களும் ஆர்வலர்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதி முதலே தங்கள் பகுதியின் பழைய வரிப்பட்டியல்களைப் படியெடுத்து அச்சிட்டு வந்தார்கள். சஸெக்ஸின் 1296, 1327, 1332ஆம் ஆண்டுப் பட்டியல்கள் ஒரே தொகுதியாக 1910இல் வெளிவந்தன. சஃபோக்கின் 1327, 1524, 1674ஆம் ஆண்டுப் பட்டியல்கள் 1905க்கும் 1910க்கும் இடையில் அச்சேறின. ஊர் வரலாறோ குடும்ப வரலாறோ தேடுகிறவர்கள் இன்றும் முதலில் எடுத்துப் பார்ப்பது இத்தகைய பதிப்புகளைத்தான். அவற்றை மூலத்தோடு ஒப்புநோக்குவது பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு, பல ஆண்டுகள் இந்த வேலையைச் செய்தவன் என்ற முறையில் இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: ஐயா, அந்தப் பதிப்பாசிரியர்கள் இலத்தீனில் ஊறியவர்கள். அவர்கள் அச்சிட்டதை நாம் மறுபடி சரிபார்க்க வேண்டிய தேவை என்ன?

அவர்களுடைய புலமையில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் பல பதிப்பாசிரியர்கள் மூலமான தோற்சுருளை நேரில் பார்த்ததே கிடையாது. லண்டனில் சான்சரி லேனில் இருந்த பொது ஆவண அலுவலகத்தில் கூலிக்குப் படியெடுப்பவர் ஒருவர் எழுதி அஞ்சலில் அனுப்புவார். பதிப்பாசிரியர் அந்தப் படியைச் செப்பம் செய்து அச்சகத்துக்குக் கொடுப்பார். மெய்ப்புத் திருத்தும்போது ஒப்பிடப்படுவதும் அந்தப் படியோடுதான், சுருளோடு அல்ல. ஆக, படியெடுத்தவர், பதிப்பாசிரியர், அச்சுக் கோத்தவர் என மூன்று கைகள் மாறித்தான் ஒரு பெயர் நம்மிடம் வந்து சேர்கிறது. சில வேளைகளில் அவர்கள் கையில் இருந்த 'மூலமே' பிற்காலப் படியாக இருந்ததும் உண்டு. போப் நான்காம் நிக்கோலஸ் காலத்தில் 1291-92இல் திருச்சபைச் சொத்துகளுக்குச் செய்யப்பட்ட வரி மதிப்பீடு 1802இல் அச்சானபோது, பல தலைமுறைகளுக்குப் பின் எழுதப்பட்ட படிகளே அதற்கு அடிப்படையாக இருந்தன.

கேள்வி: அச்சு நூலில் 'சப்ஸிடி ரோல்' (வரிச்சுருள்) என்று போட்டு, இடையில் சாய்கோட்டுடன் இரண்டு எண்கள் மட்டுமே இருக்கின்றன. மூலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

அந்த இரண்டு எண்களுக்கு முன்னால் 'ஈ 179' (E 179) என்று சேர்த்துக்கொண்டால் பெரும்பாலும் இன்றைய குறியீடு கிடைத்துவிடும். வரிப்பட்டியல்களுக்கான அந்த வரிசை இப்போது லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதற்கென்றே இணையத்தில் ஒரு தரவுத்தளமும் உண்டு. எந்த ஊர், எந்த வரி, எந்த ஆவணம் என்பதை அது காட்டும், ஆட்களின் பெயரைக் காட்டாது. வாசகர் அட்டை பெற்றவர்கள் படிப்பறையில் தங்கள் கேமராவாலேயே ஆவணங்களைக் கட்டணமின்றிப் படமெடுத்துக்கொள்ளலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கையில் இருப்பது அச்சு நூலுக்கு மூலமான அதே சுருள்தானா என்பதை உறுதி செய்த பிறகே அடுத்த அடி எடுத்து வையுங்கள். நான் ஒருமுறை, ஒரே கவுன்ட்டியின் 1327ஆம் ஆண்டு அச்சுப் பட்டியலை 1332ஆம் ஆண்டுச் சுருளோடு வைத்து மூன்று ஊர்களுக்குப் பிழைதிருத்தம் எழுதி முடித்துவிட்டேன். ஐந்தாண்டு இடைவெளியில் பாதிப் பெயர்கள் அப்படியே இருந்தபடியால் சந்தேகமே எழவில்லை. நான் 'பிழை' என்று குறித்தவை எல்லாம் இடையில் இறந்தவர்களும், புதிதாகக் குடிவந்தவர்களும், வரிக்கு உட்படும் அளவுக்குப் பொருள் சேர்த்தவர்களுமே.

கேள்வி: எழுத்துகளில் எவை அதிகம் ஏமாற்றும்?

புள்ளியும் இல்லாமல், குறில் நெடிலும் பிரியாமல் எழுதப்பட்ட நம் ஓலைச்சுவடிகளைப் படித்தவர்களுக்கு இந்தத் தொல்லை புதிதல்ல. பதினான்காம் நூற்றாண்டு எழுத்தர் ஆங்கிலத்தின் 'ஐ', 'எம்', 'என்', 'யு' ஆகிய நான்கையும் ஒரே மாதிரியான சிறு செங்குத்துக் கோடுகளால் எழுதினார். 'ஐ'யின் மேல் புள்ளி இருக்காது. நான்கு கோடுகள் வரிசையாக நின்றால் அவற்றை எப்படிப் பிரிப்பது என்பது படிப்பவர் பொறுப்பு. 'போனெட்' என்று அச்சாகியிருப்பது 'போவெட்' ஆகவும் இருக்கலாம், ஏனென்றால் 'என்'னுக்கும் அக்காலத்து 'யு', 'வி'க்கும் கோடுகள் ஒன்றே. 'சி'யும் (c) 'டி'யும் (t) அதைப் போலவே. 'கோட்டெல்' என்ற குடும்பம் அச்சில் 'டோட்டெல்' ஆகிவிடும். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளின் 'செக்ரட்டரி' எனப்படும் கையெழுத்துப் பாணியில் தொல்லை வேறு: 'இ' (e) தலைகீழாகத் திரும்பி நிற்கும், 'ஹெச்' வரிக்குக் கீழே வளைந்து இறங்கும், பெரிய 'எஃப்' இரண்டு சிறிய 'எஃப்'களாக வரும்.

இவற்றைத் தனி எழுத்தாக வைத்துத் தீர்க்க முயலாதீர்கள். அதே எழுத்தர் அதே பக்கத்தில் ஐயமில்லாமல் எழுதியிருக்கும் ஒரு சொல்லை, உதாரணமாக 'வில்லெல்முஸ்' (வில்லியம்) என்பதை எடுத்துக்கொண்டு, அவருடைய கோடுகள் எப்படி இணைகின்றன என்று பாருங்கள். பிறகு முன்பின் ஆண்டுப் பட்டியல்களில் அதே குடும்பத்தைத் தேடுங்கள். முக்கியமாக, அச்சு நூலை மூடிவைத்துவிட்டு மூலத்தை முதலில் நீங்களே படித்து எழுதுங்கள். அச்சைப் பார்த்துவிட்டுச் சுருளைப் பார்க்கும் கண், அச்சில் இருப்பதையே சுருளிலும் காணும். இரண்டு பேராகச் செய்வதானால், ஒருவர் மூலத்தை எழுத்தெழுத்தாக வாய்விட்டுப் படிக்க, மற்றவர் அச்சைப் பின்தொடரட்டும். படிப்பவர் கண்ணில் அச்சு படவே கூடாது.

கேள்வி: எனக்கு இலத்தீன் தெரியாது. தொகைகளை மட்டுமாவது நான் சரிபார்க்க முடியுமா?

தாராளமாக முடியும். என்னைக் கேட்டால், வேலை தொடங்க வேண்டிய இடமே அதுதான். பெயர் ஐயத்துக்கு இடம் தரும், கணக்கு அவ்வளவு எளிதில் தராது. 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. ஒவ்வோர் ஊரின் பெயர்ப்பட்டியலுக்கும் அடியில் 'சும்மா' என்று கூட்டுத்தொகை இருக்கும். 'சும்மா' என்றால் இலத்தீனில் மொத்தம். கூட்டலைச் சோதித்த கருவூல எழுத்தர் அருகில் 'சரிபார்க்கப்பட்டது' என்பதன் சுருக்கத்தை இட்டிருப்பதும் உண்டு.

ஓர் ஊரின் அச்சுப் பட்டியலில் 14 பெயர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கூட்டினால் 31 ஷில்லிங் 4 பென்னி வருகிறது. அடியில் அச்சாகியிருக்கும் மொத்தமோ 33 ஷில்லிங் 4 பென்னி. சரியாக 2 ஷில்லிங் குறைகிறது. சுருளைப் பார்த்தால், 'யோஹன்னெஸ் அட்டெ வெல்லெ, 2 ஷில்லிங்' என்ற வரிக்குக் கீழே 'யோஹன்னெஸ் அட்டெ வோடெ, 2 ஷில்லிங்' என்று இன்னொரு வரி. இரண்டும் ஒரே பெயரில் தொடங்கி ஒரே தொகையில் முடிவதால், படியெடுத்தவர் கண் ஒரு வரியைத் தாண்டிவிட்டது. இலத்தீன் அறியாத ஒருவர் வெறும் கூட்டலால் ஒரு மனிதரை மீட்டுவிட முடியும்.

வரி விகிதமும் துணை நிற்கும். 1332இல் நாட்டுப்புறத்தில் அசையும் பொருளின் மதிப்பில் பதினைந்தில் ஒரு பங்கு வரி. 10 ஷில்லிங்குக்குக் குறைந்த பொருள் உள்ளவருக்கு விலக்கு. 10 ஷில்லிங் 120 பென்னி, அதில் பதினைந்தில் ஒன்று 8 பென்னி. ஆகவே 1332ஆம் ஆண்டுக் கிராமப் பட்டியலில் 7 பென்னி என்று அச்சாகியிருந்தால் ரோமன் எண்ணில் ஒரு கோடு விடுபட்டிருக்கலாம் என்று போய்ப் பாருங்கள். 1327இல் இருபதில் ஒரு பங்கு என்பதால் அந்தக் கீழ் எல்லை 6 பென்னி. இவை சந்தேகம் எழுப்பவே உதவும், தீர்ப்புச் சொல்ல அல்ல. சுருளிலேயே 7 என்று தெளிவாக இருந்தால் 7 என்றே எழுதுங்கள். 1524ஆம் ஆண்டுப் பட்டியல்கள் இன்னும் வசதியானவை, ஏனென்றால் பெரும்பாலும் மதிப்பும் வரியும் அருகருகே இருக்கும். 2 பவுண்டு முதல் 20 பவுண்டுக்குள் பொருள் உள்ளவருக்குப் பவுண்டுக்கு 6 பென்னி, 20 பவுண்டும் அதற்கு மேலும் என்றால் பவுண்டுக்கு ஒரு ஷில்லிங். மதிப்பு 5 பவுண்டு, வரி 5 ஷில்லிங் என்று அச்சில் இருந்தால் இரண்டில் ஒன்று தவறாக இருக்கலாம். மதிப்பு 10 பவுண்டாக இருக்கக்கூடும்.

எண் முறையில் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். நான்கின் தலைமேல் சிறியதாக இருபது எழுதியிருந்தால் அது நான்கு இருபதுகள், அதாவது 80. அதை 24 என்று அச்சிட்டுவிட வாய்ப்பு உண்டு. 'ஓப்' என்ற சுருக்கம் அரைப் பென்னி. அது விடுபட்டால் கூட்டல் அரைப் பென்னியில் இடறும்.

கேள்வி: அச்சில் இருக்கும் நான்கு பெயர்கள் சுருளில் இல்லவே இல்லை. பதிப்பாசிரியர் கற்பனை செய்துவிட்டாரா?

அவசரப்பட வேண்டாம், அம்மா. முதலில் தோலின் பின்பக்கத்தைப் பாருங்கள். பட்டியல் அங்கே தொடர்ந்திருக்கலாம். அடுத்து, சுருளின் விளிம்பும் அடிப்பகுதியும் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். நூறாண்டுக்கு முன் படிக்க முடிந்த வரி இன்று தேய்ந்தோ கிழிந்தோ போயிருக்கலாம். பழுப்பு நிறத்தில் பெரிய கறை தெரிந்தால், மங்கிய மையைத் தெளிவாக்க அக்காலத்தவர் மாசிக்காய்ச் சாறு தடவிய இடமாக இருக்கக்கூடும். தடவிய அன்று எழுத்து எழுந்து நின்றிருக்கும். பிறகு தோலே கறுத்துவிட்டிருக்கும். அத்தகைய இடங்களில் புறஊதா விளக்கு ஓரளவு உதவும். அதிலும் தெரியவில்லை என்றால், அந்த நான்கு பெயர்களுக்கு இன்று நமக்கிருக்கும் ஒரே சாட்சி அந்த அச்சு நூல்தான். 'மூலத்தில் இப்போது படிக்க இயலவில்லை. அச்சுப்படி இவ்வாறு தருகிறது' என்று எழுதி அப்பெயர்களைக் காப்பாற்றுங்கள். அடித்துவிடாதீர்கள்.

கேள்வி: அச்சில் 'ரிச்சர்ட் ஜான்சன்' என்று இருக்கிறது. அப்படியானால் 1327லேயே எங்கள் ஊரில் ஜான்சன் குடும்பம் இருந்ததா?

சுருளில் இருப்பது 'ரிகார்டுஸ் (ரிச்சர்ட்), யோஹன்னெஸின் (ஜானின்) மகன்' என்பதன் சுருக்கமாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அது அவருடைய தந்தையின் பெயர். குடும்பப் பெயர் என்று சொல்ல ஆதாரம் இல்லை. 'ஃபாபெர்' என்பதை 'ஸ்மித்' என்று மாற்றிய பதிப்புகளும் உண்டு. அவர் கொல்லர் என்பதற்கு மேல் அந்தச் சொல் எதையும் உறுதி செய்யாது. 'ஃபில்' என்ற சுருக்கம் மகனுக்கும் மகளுக்கும் பொது என்பதால், முன்னால் வரும் பெயர் ஆணா பெண்ணா என்று பார்த்தே விரிக்க வேண்டும்.

கேள்வி: இணையத்தில் கிடைக்கும் உரைவடிவத்தை வைத்து ஒப்பிட்டால் போதுமா? கையெழுத்தைப் படிக்கும் மென்பொருள்கள் எப்படி?

முதலில் பக்கத்தின் படத்தைப் பாருங்கள். 1 ஷில்லிங் என்பது ஆங்கில 'எல்' எழுத்தாக மாறியிருந்தால் அது வருடிய இயந்திரத்தின் பிழை. பதிப்பாசிரியர் தலையில் அதைக் கட்டக் கூடாது. மென்பொருளை இரண்டாவது வாசகராக வைத்துக்கொள்ளலாம், நடுவராக வேண்டாம்.

கேள்வி: அச்சில் ஆண்டு ஒன்று கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கிறது.

இங்கிலாந்தில் 1752க்கு முன் ஆண்டு மார்ச் 25இல் தொடங்கியது. ஆவணம் '1673 பிப்ரவரி' என்றால் நம் கணக்கில் 1674. ஆவணத்தின் ஆண்டையும் நம் ஆண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

கேள்வி: அடுப்பு வரிப் பட்டியலில் என் அச்சுப்படிக்கும் மூலத்துக்கும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு பெயர்கள் ஒத்துவரவில்லை. இவ்வளவு மோசமாகவா படியெடுப்பார்கள்?

அவ்வளவு பெரிய வேறுபாட்டுக்குக் கைப்பிழை காரணமாக இருக்க முடியாது. 1662 முதல் 1689 வரை இருந்த இந்த வரி, ஓர் அடுப்புக்கு ஆண்டுக்கு 2 ஷில்லிங் என்று, மார்ச்சிலும் செப்டம்பரிலும் பாதிப் பாதியாகத் தண்டப்பட்டது. கருவூலத்துக்கு ஒரு படி போனது. கவுன்ட்டி நீதிமன்ற அமர்வின் எழுத்தரிடம் இன்னொரு படி இருந்தது. உங்கள் பதிப்பு கவுன்ட்டிப் படியிலிருந்து வந்திருக்க, நீங்கள் பார்ப்பது கியூவில் உள்ள கருவூலப் படியாக இருக்கலாம். அல்லது அடுத்த அரையாண்டுப் பட்டியலாகவும் இருக்கலாம். கருவூலப் படிகள் 1662-66, 1669-74 காலத்துக்கே கிடைக்கின்றன, மற்ற ஆண்டுகளில் பெரும்பாலும் வரி குத்தகைக்கு விடப்பட்டிருந்தது.

மூன்றாவது காரணம்தான் எனக்கு மனவேதனை தருவது. வறுமையால் விலக்குப் பெற்றவர்களின் பெயர்கள் ஊர்ப்பட்டியலின் கடைசியில் தனியாக இருக்கும். இடமும் செலவும் கருதிச் சில பதிப்பாசிரியர்கள் அவர்களை விட்டுவிட்டார்கள். ஓர் அடுப்பு மட்டும் இருந்த அந்தக் கைம்பெண்களும் கூலியாட்களும் வேறு எந்த ஆவணத்திலும் பெயரோடு வராமல் போயிருக்கலாம். உங்கள் ஊரில் விடுபட்ட மூன்றில் ஒரு பங்கு பட்டியலின் கடைசியில் மொத்தமாக நிற்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் திருத்தம் எழுதுவதைவிட, அந்தப் பெயர்களை முழுமையாகப் படியெடுத்து வெளியிடுவதே முதல் வேலை.

கேள்வி: கண்டுபிடித்த வேறுபாடுகளை எப்படிக் குறித்துவைப்பது?

ஆவணக் குறியீடு, தோலின் வரிசை எண், முன்பக்கமா பின்பக்கமா, அச்சுப் பக்கமும் வரியும், அச்சில் உள்ளது, மூலத்தில் நீங்கள் படித்தது: இத்தனையும் ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் வேண்டும். சுருக்கங்களை நீங்கள் விரித்த எழுத்துகளை அடைப்புக்குள் இடுங்கள். உறுதியாகப் படித்ததையும் ஊகித்ததையும் ஒரே மாதிரி எழுதிவிடாமல், ஊகத்துக்குக் கேள்விக்குறி போடுங்கள். ஒத்துவந்த ஊர்களையும் 'முழுவதும் ஒப்புநோக்கப்பட்டது, வேறுபாடு இல்லை' என்று நாளிட்டு எழுதுங்கள். இல்லையென்றால் அடுத்து வருபவர் அதே சுருளை அதே இடத்திலிருந்து மறுபடி விரிக்க வேண்டியிருக்கும்.