இரண்டு கைகளாலும் ஒரு விருந்து: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் குழந்தைக்கு ஐந்து மாதம் முடிகிறது. பிரசவத்துக்குப் பிறகு நானும் என் கணவரும் சேர்ந்து ஒரு வேளைகூட வெளியே சாப்பிட்டதில்லை. இந்த மாதம் எங்கள் திருமண நாள் வருகிறது. வெள்ளை நகரப் பகுதியில் உள்ள பிரெஞ்சு உணவகம் ஒன்றுக்கு இரவு உணவுக்குப் போகலாம் என்கிறார் என் கணவர். மாமியாரும் குழந்தையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். ஆனால் தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் பிள்ளையை விட்டுவிட்டுப் போவது சரிதானா என்று மனம் உறுத்துகிறது. அந்தச் சாப்பாட்டு முறையும் எங்களுக்குப் பழக்கமில்லை. நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை.
— ஒரு வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: மனம் உறுத்தத் தேவையில்லை; போய்வாருங்கள். பிள்ளை பெற்ற வீட்டில் தாய் சாப்பிடும் சோறு எப்போதுமே ஆறிப்போனதாகத்தான் இருக்கும். தட்டில் கை வைத்ததும் தொட்டிலில் சத்தம் கேட்கும். இடது கை மடியில் கிடக்கும் பிள்ளைக்கு, வலது கை அவசரமாக இரண்டு கவளத்துக்கு என்று மாதக்கணக்கில் சாப்பிட்டவர் நீங்கள். பிரெஞ்சு மேசையில் இடது கையில் முள்கரண்டி, வலது கையில் கத்தி. வேலை இல்லாத நேரத்திலும் கைகளை மடியில் வைக்காமல் மணிக்கட்டு மேசை விளிம்பில் படும்படி வைத்திருப்பதே அவர்களுடைய மரியாதை. உங்கள் இரண்டு கைகளும் ஒரு சாப்பாட்டுக்காக மட்டும் இருக்கப்போகும் நேரம் அது.

ரெஸ்டாரண்ட் என்ற சொல்லும் உங்கள் நிலையில் இருப்பவருக்குப் பொருத்தமானதுதான். 18ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் அது கடையின் பெயராக இருக்கவில்லை. உடல் நலிந்தவர்களுக்குத் தெம்பு ஏற்றுவதற்காக இறைச்சியை நெடுநேரம் கொதிக்கவைத்து இறக்கிய சாற்றுக்குத்தான் அந்தப் பெயர். அந்தச் சாற்றை விற்ற இடங்களுக்குப் பின்னாளில் அதுவே பெயராயிற்று. பிள்ளை பெற்றவளுக்கு நம் வீடுகளில் நாட்டுக்கோழிச் சாறும் பூண்டுக் குழம்பும் கொடுக்கும் அதே எண்ணம்தான்.

இனி நடைமுறைக்கு வருவோம். பிரெஞ்சு விருந்து மெதுவாகச் சாப்பிடுவதற்கென்றே அமைந்தது. 2010ஆம் ஆண்டு யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்ட அவர்களுடைய விருந்து முறையில், தொடக்கத்தில் ஒரு பானம், முடிவில் ஒரு பானம், நடுவில் குறைந்தது நான்கு சுற்று உணவு உண்டு. உங்கள் குழந்தைக்கோ இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பசிக்கும். ஆகவே முழு விருந்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளாமல், உங்களுக்குக் கிடைக்கும் இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் நிமிடம் வரை உடுத்திக்கொண்டிராமல், முதலில் உடுத்தி முடித்துவிட்டுக் கடைசி வேலையாகப் பால் கொடுங்கள். ஏழு மணிக்கு மேசையில் உட்கார்ந்துவிட்டால், கூட்டம் சேருவதற்கு முன்பே உங்கள் முதல் தட்டு வந்துவிடும். ஒன்பதே காலுக்குள் வீட்டில் இருக்கலாம். கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்கு மேல் வண்டிகளை விடமாட்டார்கள் என்பதால், துய்மா வீதி, சப்ரேன் வீதி போன்ற உள் வீதிகளில் இருக்கும் உணவகமாகப் பார்த்து முன்கூட்டியே மேசை சொல்லிவையுங்கள். திரும்பும்போது வண்டி எடுக்க நடக்கும் நேரம் மிச்சமாகும்.

பாலைப் பீய்ச்சி, கொதிநீரில் சுத்தம் செய்த மூடியுள்ள பாத்திரத்தில் வைத்துவிட்டுப் போங்கள். அறையின் வெப்பம் 25 டிகிரிக்குள் இருந்தால் தாய்ப்பால் நான்கு மணி நேரம் வரை தாங்கும். புதுச்சேரியின் மாலைப்பொழுது பெரும்பாலும் அதைவிடச் சூடானது என்பதால் உடனே குளிர்பெட்டியில் வைத்துவிடுவதே நல்லது. கொடுக்கும் நேரத்தில் அடுப்பில் வைக்காமல், சுடுநீர்க் கிண்ணத்துக்குள் பாத்திரத்தை வைத்து இளஞ்சூடாக்கினால் போதும். இதுவரை மார்பில் மட்டுமே குடித்த குழந்தை பாலாடையை முதலில் மறுக்கலாம். எனவே நான்கைந்து நாள் முன்பிருந்தே, ஒரு வேளைப் பாலை உங்கள் மாமியார் கையாலேயே பாலாடையில் புகட்டிப் பழக்குங்கள். அந்த நேரத்தில் நீங்கள் வேறு அறையில் இருக்க வேண்டும்; தாயின் வாசனை பக்கத்தில் இருக்கும்போது பல பிள்ளைகள் பாலாடையை ஏற்க மறுக்கலாம். உங்களுக்கும் எட்டரை மணிக்கெல்லாம் மார்பு கனக்கத் தொடங்கும். உள்ளே வைத்துக்கொள்ள மடித்த பருத்தித் துணியும், தோளில் போட ஒரு துப்பட்டாவும் இருக்கட்டும்.

உணவு அட்டையில் குழப்பம் வரும் இடம் ஒன்றுதான். ஆந்த்ரே என்று இருப்பது முதல் தட்டு, பிளா என்பது பிரதான உணவு, தெசேர் என்பது இனிப்பு. மூன்றையும் ஆளுக்கொன்று வாங்க வேண்டியதில்லை. முதல் தட்டில் ஒன்றை இருவரும் பகிர்ந்துகொள்ளலாம். பரிமாறுபவரிடம், வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, ஒன்பது மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று உட்கார்ந்தவுடனேயே சொல்லிவிடுங்கள். எது விரைவில் வரும் என்பதை அவரைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் இல்லை. சூஃப்லே கேட்ட பிறகே அடுப்புக்குள் போகும் பண்டம். அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெங்காய சூப் பார்க்கச் சைவம்போல் இருந்தாலும் மரபாக மாட்டெலும்புச் சாற்றில் செய்வது, கேட்டுவிட்டு வாங்குங்கள். கத்தரிக்காய், குடமிளகாய், தக்காளி சேர்த்து வேகவைத்த ரத்தத்துய் நம் நாக்குக்கு உடனே பழகிவிடும். கோக் ஓ வேன் என்பது ஒயினில் வெந்த கோழி; எவ்வளவு வெந்தாலும் மது முழுவதும் ஆவியாகிவிடுவதில்லை. பால் கொடுக்கும் காலத்தில் குடிக்கும் ஒயினோடு இதையும் தவிர்த்துவிடலாம் என்பது என் கருத்து. மீன் கேளுங்கள், கடற்கரை ஊரில் அது நன்றாகவே இருக்கும். வதுவான் என்ற மசாலாவின் பெயர் அட்டையில் தென்பட்டால் தயங்காதீர்கள். வெங்காயமும் பூண்டும் சேர்த்து நாம் உருட்டிக் காயவைக்கும் வடகம்தான் பிரெஞ்சுச் சமையலில் அந்தப் பெயரில் இருக்கிறது.

என் மூத்தவளுக்கு ஆறு மாதமாக இருந்தபோது நானும் கணவரும் இப்படி ஒரு முற்றத்து மேசையில் உட்கார்ந்தோம். முதல் அரை மணி நேரம் கைப்பேசியைப் பார்த்தபடியே குழந்தையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு சூப் வந்தது. மேலே உருகிக் கருகிய சீஸைக் கரண்டியால் உடைத்தபோது எழுந்த ஆவி என் மூக்குக் கண்ணாடியை மூடிவிட்டது. ஆறு மாதத்தில் அப்படிச் சூடான ஒன்றை நான் வாயில் வைத்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது, கண் கலங்கிவிட்டது. என் கணவர் ஒன்றும் பேசாமல் ரொட்டியைப் பிய்த்து என் பக்கம் வைத்தார். அந்த ரொட்டியை இன்றும் மறக்கவில்லை.

கேள்வி: நாங்கள் பாரிஸில் வசிக்கிறோம். குழந்தைக்கு ஏழு மாதம். உறவினர் எவரும் பக்கத்தில் இல்லை. குழந்தையையும் கூட்டிக்கொண்டு உணவகத்துக்குப் போவது இங்கே பொருந்துமா?
— ஒரு வாசகர், பாரிஸ்

பதில்: பொருந்தும், ஆனால் இரவு வேண்டாம். அங்கே உணவகங்கள் பெரும்பாலும் ஏழு, ஏழரைக்குப் பிறகுதான் இரவு உணவு தொடங்கும். உங்கள் குழந்தை தூங்கும் நேரம் அது. வார நாளின் மதியத்தில் போனால் முதல் தட்டும் பிரதான உணவும் சேர்ந்த ஃபோர்முயில் இரவைவிடக் குறைந்த விலையில் கிடைக்கும். மேசை சொல்லும்போதே தள்ளுவண்டிக்கு இடமும், உயரமான குழந்தை நாற்காலியும் இருக்கிறதா என்று கேளுங்கள். வெயிலுக்கு ஆசைப்பட்டு வெளிமேசை கேட்க வேண்டாம். அங்கே புகைபிடிக்க அனுமதி உண்டு. ஜாடித் தண்ணீருக்குக் காசு இல்லை, சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கும். நீங்கள் கேட்காமல் பில் வராது என்பதால், இனிப்பு மேசைக்கு வந்தவுடனேயே லாதிசியோன் என்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்; குழந்தை சிணுங்கத் தொடங்கினால் உடனே எழுந்துகொள்ளலாம். ஒருவர் சாப்பிடும்போது மற்றவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீதியில் நடக்கும் முறையில், முதலில் சூடாகச் சாப்பிடுபவர் உங்கள் மனைவியாக இருக்கட்டும்.

கேள்வி: மகனும் மருமகளும் முதன்முறையாக வெளியே சாப்பிடப் போகிறார்கள். நான்கு மாதப் பேத்தியை நான் பார்த்துக்கொள்கிறேன். அழுதால் உடனே அவர்களுக்குப் போன் செய்யலாமா?
— ஒரு பாட்டி, கடலூர்

பதில்: அம்மா, காய்ச்சல், மூச்சுத் திணறல், விடாத வாந்தி என்றால் ஒரு கணமும் தாமதிக்காமல் கூப்பிடுங்கள். வெறும் அழுகை என்றால், முதலில் துணியை மாற்றி, பாலாடையில் சிறிது பால் புகட்டி, தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை நடந்து பாருங்கள். உங்கள் மகனை நீங்கள் அப்படித்தானே தூங்கவைத்திருப்பீர்கள். எட்டு மணிக்கு ஒரு முறை நீங்களாகவே அழைத்து, பேத்தி பால் குடித்துவிட்டாள் என்ற ஒரு வரியை மட்டும் மருமகளிடம் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகுதான் அவள் தட்டைப் பார்ப்பாள்.