பின்லாந்து படங்கள் சாதாரண ஆட்களுக்குப் புரியுமா?

எங்கள் ஊர் சர்வதேசத் திரைப்பட விழாவில் பின்லாந்து படங்களுக்கென்று தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள், அதெல்லாம் அறிவுஜீவிகளுக்கான படம் என்கிறார்களே, சாதாரண ஆளுக்குப் புரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கல்லூரியில் படிக்கிறவராக இருப்பீர்கள், நாலு படம் கூடுதலாகப் பார்த்த நண்பன் எவனோ பயமுறுத்தியிருப்பான் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் நாகர்கோவில் பக்கம் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள். சினிமா படித்தவள் இல்லை. "இவளுக்கு என்ன தெரியும்" என்று வருகிறவர்கள் வரட்டும். கேள்வியே சாதாரண ஆளைப் பற்றியது, அந்தத் தகுதி எனக்குத் தாராளமாக இருக்கிறது.

என் தம்பிக்குச் சினிமாப் பைத்தியம். ரயிலேறினால் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊரில் விழா. வார லீவில் தூங்கலாம் என்றிருந்தவளை இழுத்துக்கொண்டு போனான். பின்லாந்துப் பிரிவில் முதலில் பார்த்தது அந்த நாட்டு டைரக்டர் அகி கவுரிஸ்மாக்கியின் 'ஃபாலன் லீவ்ஸ்' (2023). பிரான்ஸில் நடக்கிற கான் விழாவில் ஜூரி பரிசு வாங்கிய படம் என்று தம்பி சொன்னதுமே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. 81 நிமிடம்தான் என்றதும் கொஞ்சம் நிம்மதி.

படம் தொடங்கினால் சூப்பர் மார்க்கெட்! ஹெல்சிங்கியில் ரேக்கில் சரக்கு அடுக்குகிற அன்சா என்ற பெண். வாரத்துக்கு இத்தனை மணி நேரம் வேலை தருவோம் என்ற உத்தரவாதம்கூட இல்லாத ஒப்பந்தம் அவளுக்கு. தேதி முடிந்த பொருளைக் குப்பையில் போட வேண்டும். போட வேண்டியதில் ஒன்றைத் தன் பையில் வைத்துக்கொள்கிறாள். செக்யூரிட்டி மாட்டிவிடுகிறான். வேலை போகிறது. அழுகை இல்லை, பின்னணி இசை இல்லை, வசனமும் கொஞ்சம்தான். கூட வேலை பார்க்கிற தோழியும் அதே இடத்தில் வேலையை விட்டுவிட்டுக் கூடவே வெளியேறுகிறாள்.

எனக்கு இருக்கையில் உட்கார முடியவில்லை. எங்கள் கடையில் எக்ஸ்பைரி ஆன பிரெட்டைப் பாக்கெட்டைக் கிழித்து, பினாயில் ஊற்றித்தான் வெளியே வைப்போம். யாரும் எடுத்துத் தின்றுவிடக் கூடாதாம். அன்று ராத்திரியோடு தேதி முடிகிற பால்கோவா டப்பா ஒன்றைப் பிள்ளைக்கு என்று எடுத்த அக்காவை, பை செக்கிங்கில் பிடித்து மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். அவளோடு யாரும் வெளியேறவில்லை. எப்படி வெளியேறுவது? ஒருத்திக்குச் சீட்டுப் பணம், ஒருத்திக்குக் குழுக் கடன், எனக்குத் தம்பியின் ஃபீஸ். விற்பனைப் பொருளை எடுப்பது திருட்டுதானே என்று சட்டம் பேச வேண்டாம். மறுநாள் காலையில் அதன் மேல் பினாயில் ஊற்றியிருக்கப் போகிறவள் நான்.

படம் முடிந்து வெளியே வந்தால், தோளில் ஜோல்னாப் பை போட்ட ஒருவர் 'மினிமலிசம்' என்று ஆரம்பித்து யாருக்கோ வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. படத்தில் அன்சாவும் ஹோலப்பா என்ற குடிகாரத் தொழிலாளியும் சேர்ந்து ஒரு ஜோம்பி படத்துக்குப் போவார்கள். அது முடிந்து வெளியே வருகிற ரசிகர்கள் இரண்டு பேர், அந்த ஜோம்பி படத்தை பிரெஸ்ஸோன் படத்தோடும் கோதார் படத்தோடும் ஒப்பிட்டு முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு பேசுவார்கள். பிரெஸ்ஸோனும் கோதாரும் யாரென்று எனக்குத் தெரியாது, பெரிய பிரெஞ்சு டைரக்டர்கள் என்று தம்பிதான் சொன்னான். ஆனால் கிண்டல் புரிந்துவிட்டது, தியேட்டரில் சத்தமாகச் சிரித்தேன். விழாவுக்குப் போகிறவர்களை அந்த டைரக்டரே கலாய்க்கிறார், நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்கள்?

இதே ஆள் 1986ல் எடுத்த 'ஷேடோஸ் இன் பாரடைஸ்' படத்தில் நாயகன் குப்பை வண்டி ஓட்டுகிறவன், நாயகி சூப்பர் மார்க்கெட் கேஷியர். அங்கே கேஷியர் உட்கார்ந்துகொண்டு பில் போடுவதுதான் வழக்கம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளத்தில் 2018ல் சட்டம் கொண்டுவந்தார்கள், தமிழ்நாட்டில் 2021ல். எங்கள் கவுண்டரிலும் ஸ்டூல் வந்தது. அதன் மேல் இப்போது ஆஃபர் அட்டை இருக்கிறது. உட்கார்ந்தால் கஸ்டமருக்கு மரியாதை இல்லையாம். ஒன்பது மணி நேரம் நின்று பில் போட்டுக் கால் நரம்பு சுருண்டு போனவள் சொல்கிறேன், மரியாதை வேண்டுமென்றால் சூப்பர்வைசர் நிற்கட்டும். சரி, கேள்விக்கு வருகிறேன்.

உங்கள் பட்டியலில் 'தி மேட்ச் ஃபேக்டரி கேர்ள்' (1990) இருந்தால் விடாதீர்கள். ஆரம்பத்தில் சில நிமிடங்களுக்குப் பேச்சே கிடையாது. மரக்கட்டையை ஏடு ஏடாகச் சீவி, தீக்குச்சியாக்கி, பெட்டியில் போடும் வரை மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். கடைசியில் ஒரு மெஷின் பக்கத்தில் ஒரு பெண். கோவில்பட்டியில் என் சித்தி பெட்டி ஒட்டியும் கட்டை அடுக்கியும்தான் மூன்று பிள்ளைகளை வளர்த்தாள். அவள் அந்த நிமிடங்களைப் பார்த்தால் ஸ்லோ என்று சொல்ல மாட்டாள், எங்களுக்கு இந்த மெஷின் இருந்திருந்தால் என்றுதான் சொல்வாள். கதை அதற்கப்புறம் போகிற இடம் பயங்கரம். சொல்ல மாட்டேன்.

கவுரிஸ்மாக்கி மட்டும்தான் பின்லாந்தா என்று யாராவது சண்டைக்கு வரும் முன் இதையும் சொல்லிவிடுகிறேன். எரிக் புளூம்பெரி 1952ல் எடுத்த 'தி வைட் ரெய்ண்டீர்' கறுப்பு வெள்ளைப் படம். வடக்கே லாப்லாந்து என்ற பகுதியின் பனியில் ஒரு பெண் வெள்ளைக் கலைமானாக மாறி, துரத்தி வருகிற ஆண்களைக் கொல்கிறாள். எங்கள் பக்கத்துக் கதைகளில் வருகிற யட்சி கள்ளியங்காட்டு நீலி பனியில் நடந்தால் இப்படித்தான் இருப்பாள். டைரக்டரின் மனைவி மிர்யாமி குவோஸ்மானென்தான் அந்த வேடத்தில் நடித்தவர், திரைக்கதையிலும் அவர் பங்கு உண்டு. யூஹோ குவோஸ்மானெனின் 'கம்பார்ட்மென்ட் நம்பர் 6' (2021) மாஸ்கோவிலிருந்து மூர்மான்ஸ்க் போகிற ரயிலில் பின்லாந்து மாணவிக்கும் ரஷ்யச் சுரங்கத் தொழிலாளிக்கும் நடக்கிற உரசல். நன்றாக இருக்கும், முதல் அரை மணி நேரம் அவனை அறையத் தோன்றும். 'தி அன்னோன் சோல்ஜர்' (1955) போர்ப் படம், ஏறக்குறைய மூன்று மணி நேரம். பின்லாந்தில் சுதந்திர தினமான டிசம்பர் 6 அன்று டிவியில் போடுகிற படம். நான் பாதியில் டீ குடிக்க வந்துவிட்டேன், தம்பி முழுக்கப் பார்த்தான்.

கவுரிஸ்மாக்கி படங்களில் நடிகர்கள் சிரிக்க மாட்டார்கள், ஒரே தொனியில் பேசுவார்கள். அது நடிக்கத் தெரியாததால் இல்லை, ஜோக்கே அதுதான். முதல் பத்து நிமிடம் பொறுத்துக்கொண்டால் பழகிவிடும். சப்டைட்டில் வேகம் பற்றிய பயமும் வேண்டாம், அவர் படத்தில் படிப்பதற்கு அதிகம் இருக்காது. ஒரு நாள்தான் லீவு கிடைக்கும் என்றால் 'ஃபாலன் லீவ்ஸ்' போடுகிற நாளில் போங்கள். அரை மணி நேரம் முன்னாலேயே வரிசையில் நின்றுவிடுங்கள், கர்ச்சீப் போட்டு நாலு சீட் பிடிக்கிற கூட்டம் எல்லா ஊர் விழாவிலும் உண்டு.